வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: காலியாகாத நாற்காலிக்கு எத்தனை பெயர்கள்?

(இந்தப் பதில்கள் 2026 ஜனவரிக்கு முன் எழுதப்பட்டவை.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: கனடாவில் 2025 ஏப்ரல் தேர்தலில் தோற்ற கன்சர்வேட்டிவ் (பழமைவாத) கட்சிக்கு அடுத்த தலைவர் யார்? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை இதையே முழுமையாகப் பார்த்துவிடுவோம்.

கேள்வி: பியர் பொலியேவ் தேர்தலிலும் தோற்றார், தம் சொந்தத் தொகுதியையும் பறிகொடுத்தார். அப்படியிருந்தும் தலைவராக நீடிக்கிறாரே, இது எப்படி? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: தோற்றார் என்பது உண்மைதான், ஆனால் எப்படித் தோற்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று நடந்த தேர்தலில் மார்க் கார்னியின் லிபரல் கட்சி 169 இடங்களையும் கன்சர்வேட்டிவ் கட்சி 144 இடங்களையும் பெற்றன. 2021இல் 119 இடங்களே பெற்றிருந்த கட்சிக்கு இது கணிசமான ஏற்றம். வாக்கு விகிதமோ 41.3 விழுக்காடு, ஸ்டீபன் ஹார்ப்பர் 2011இல் பெரும்பான்மை அரசு அமைத்தபோதுகூடக் கட்சிக்கு இவ்வளவு விழுக்காடு விழவில்லை. 2025 ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் இருபது புள்ளிக்கும் மேல் முன்னிலையில் இருந்த ஒருவர் ஏப்ரலில் தோற்றார் என்று அவருடைய எதிரிகள் சொல்கிறார்கள். கட்சியை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குக் கொண்டுபோனவர் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இரண்டு கூற்றுமே உண்மையாக இருப்பதுதான் இந்த ஊகங்களுக்கெல்லாம் ஊற்று.

கார்ல்டன் தொகுதியில் அவர் தோற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 91 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குப் போயிற்று. பிறகு அல்பேர்ட்டாவின் பாட்டில் ரிவர்-குரோஃபுட் தொகுதி உறுப்பினர் டேமியன் குரெக் பதவி விலகி இடம் விட்டுக்கொடுக்க, ஆகஸ்ட் 18 அன்று நடந்த இடைத்தேர்தலில் பொலியேவ் சுமார் 80 விழுக்காடு வாக்குகளுடன் நாடாளுமன்றம் திரும்பினார். அங்கே வேட்பாளர்கள் 214 பேர். அத்தனை பெயரையும் அச்சிட முடியாதென்று, வாக்காளரே தம் கையால் பெயரை எழுதும்படி வெற்றுக் கோடிட்ட சீட்டைத் தேர்தல் ஆணையம் கொடுத்தது. அவர் அவையில் இல்லாத மாதங்களில் கட்சியின் முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஷீர் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தது பலரைக் குழப்பிவிட்டது. ஷீர் வகித்தது நாடாளுமன்றப் பொறுப்பு மட்டுமே. கட்சித் தலைமை ஒரு நாளும் பொலியேவின் கையைவிட்டுப் போகவில்லை.

ஆகவே, நாற்காலி காலியாகவில்லை. அது காலியாக மூன்று வழிகள் உண்டு. தலைவர் தாமாக விலகலாம், மாநாட்டுப் பேராளர்கள் அவரைக் கைவிடலாம், அல்லது சொந்த எம்.பி.க்களே அவரை இறக்கிவிடலாம். இந்த மூன்றில் எந்தக் கதவு திறக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்தவர் யார் என்பதும் மாறும்.

கேள்வி: 2026 ஜனவரியில் கால்கரி மாநாட்டில் தலைமை மீளாய்வு வாக்கெடுப்பு நடக்கப்போவதாகச் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் தப்பிவிடுவார்தானே? (மிசிசாகா வாசகி)

பதில்: கட்சி யாப்பின்படி, தேர்தலில் தோற்ற தலைவர் பதவி விலகாமல் இருந்தால், அடுத்து வரும் தேசிய மாநாட்டில் அவரைப் பற்றிப் பேராளர்கள் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எழுத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். நடைமுறையில் அது போதவே போதாது என்பதற்கு இந்த நாட்டின் பழமைவாத அரசியலில் இரண்டு பெரிய சாட்சிகள் இருக்கின்றன.

முதலாமவர் ஜோ கிளார்க். 1983 ஜனவரியில் வின்னிபெக் மாநாட்டில் இன்றைய கட்சியின் முன்னோடிகளில் ஒன்றான முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் பேராளர்களில் 66.9 விழுக்காட்டினர் அவரை ஆதரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு! வேறு எந்தத் தேர்தலிலும் இதை மாபெரும் வெற்றி என்று கொண்டாடியிருப்பார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு தம்மை வேண்டாம் என்கிறதே என்று அவருக்கே பட்டதால், தாமே முன்வந்து தலைமைப் போட்டியை அறிவித்து, அதில் தாமும் நின்றார். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒட்டாவாவில் நான்காவது சுற்றில் பிரையன் மல்ரோனியிடம் தோற்றார். மல்ரோனி மறு ஆண்டே 282 இடங்களில் 211ஐ வென்று பிரதமரானார். கிளார்க்கின் முடிவு பெருந்தன்மையா, தவறான கணக்கா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். இரண்டும் கலந்தது என்பது என் எண்ணம்.

இரண்டாமவர் ஜேசன் கென்னி. பிளந்து கிடந்த அல்பேர்ட்டாவின் வலதுசாரிக் கட்சிகள் இரண்டை ஒன்றாக்கி, 2019இல் மாகாண முதல்வரானவர். 2022 மே 18 அன்று உறுப்பினர்கள் நடத்திய மீளாய்வில் அவருக்குக் கிடைத்தது 51.4 விழுக்காடு. வென்றுவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அதே இரவில் விலகுவதாக அறிவித்தார், அக்டோபரில் டானியல் ஸ்மித் அந்த இடத்துக்கு வந்தார்.

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 2005இல் மொன்றியல் மாநாட்டில் ஹார்ப்பர் பெற்ற 84 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த தேர்தலில் அவரும் தோற்றவர்தான். அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார். பொலியேவின் ஆட்கள் இந்த எண்ணையே குறிவைத்து வேலை செய்வார்கள். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ பேச்சு ஓயும். எழுபது சொச்சம் விழுக்காட்டில் நின்றால் ஒவ்வொரு மாதமும் புதுப்பெயர் ஒன்று செய்தித்தாளில் முளைக்கும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: ஜனவரிக் குளிரில் கால்கரிக்குச் சொந்தச் செலவில் விமானம் ஏறிவருகிற பேராளர் சராசரி வாக்காளர் அல்லர். கட்சியின் மிகத் தீவிரமான தொண்டர். அவர் மேற்கிலிருந்து வருபவராக இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். அந்த அரங்கு பொலியேவுக்குச் சாதகமானது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பொலியேவுக்கு முன் தலைவராக இருந்த எரின் ஓ'டூலை எம்.பி.க்களே அகற்றினார்கள் அல்லவா? இப்போதும் அது முடியுமா? (பிராம்ப்டன் வாசகர்)

பதில்: முடியும். மைக்கேல் சோங் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் கூடும் முதல் கூட்டத்தில், தலைவரை மீளாய்வு செய்யும் அதிகாரம் தங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று எம்.பி.க்கள் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2025 மே மாதத்திலும் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் வேண்டும் என்றே முடிவெடுத்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். பெரும்பான்மை எதிராக விழுந்தால் தலைவர் அப்போதே வெளியேற வேண்டும்.

ஓ'டூலுக்கு அது 2022 பெப்ரவரி 2 அன்று நிகழ்ந்தது. 73 பேர் எதிர்த்தும் 45 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். மாலைக்குள் கேண்டிஸ் பெர்கன் இடைக்காலத் தலைவரானார். மூன்றே நாளில், பெப்ரவரி 5ஆம் தேதி, பொலியேவ் காணொளி ஒன்றில் தம் வேட்புமனுவை அறிவித்துவிட்டார். அந்த வேகத்தைக் கவனியுங்கள். கதவு திறக்கும்போது வாசலில் நிற்பவர் யார் என்பதுதான் இந்த ஆட்டத்தில் முக்கியம். இன்றைக்கு அப்படி வாசலில் நிற்பவராக எவரையும் என்னால் காட்ட முடியவில்லை, அல்லது நிற்பவர் மிகத் திறமையாக மறைந்து நிற்கிறார்.

கேள்வி: ஒன்ராறியோவில் தொடர்ந்து மூன்று முறை வென்ற மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? (மார்க்கம் வாசகர்)

பதில்: 2025 பெப்ரவரி 27 அன்று மூன்றாவது முறையாகவும் பெரும்பான்மை பெற்றவர் என்பதால் அவருடைய பெயர் அடிபடுவது இயல்பே. நோவா ஸ்கோஷியாவில் 2024 நவம்பரில் 55 இடங்களில் 43ஐ வென்ற டிம் ஹூஸ்டனின் பெயரும் அப்படியே. ஏப்ரல் தோல்விக்குப் பிறகு, மத்தியக் கட்சி தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். ஆனால் மாகாண முதல்வர் ஒருவர் ஒட்டாவாவுக்குப் போய்ப் பிரதமராவது என்பது கனடாவில் எவ்வளவு அரிது தெரியுமா? கடைசியாக அதைச் செய்தவர் நோவா ஸ்கோஷியாவின் சார்ள்ஸ் டப்பர், ஆண்டு 1896, பதவியில் இருந்தது 69 நாட்கள்.

அதன்பின் முயன்றவர்கள் பலர். 1942இல் மனிற்றோபாவின் முதல்வர் ஜோன் பிராக்கன் தலைவராக வந்தார். வருவதற்கு விலையாகக் கட்சியின் பெயருக்கு முன்னால் 'முற்போக்கு' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். ஆட்சி வரவில்லை. 1948இல் ஒன்ராறியோவின் ஜோர்ஜ் ட்ரூ வந்தார், அவருக்கும் வாய்க்கவில்லை. எல்லாரிலும் என் மனத்தில் நிற்பவர் 1967இல் தலைவரான ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட், நோவா ஸ்கோஷியாவின் முதல்வராக இருந்தவர். 1972இல் லிபரல் கட்சி 109 இடங்களும் அவருடைய கட்சி 107 இடங்களும் பெற்றன. பிரதமர் பதவிக்கும் அவருக்கும் இடையில் நின்றது இரண்டே இடம். 1974 பிரசாரத்தின்போது நோர்த் பே விமான நிலையத்தில் அவர் கனடியக் கால்பந்தை (கையால் எறிந்து பிடிக்கும் நீள்வட்டப் பந்து) பலமுறை சரியாகவே பிடித்தார். ஒருமுறை கை நழுவியது. கண்ணை இறுக மூடி, கைகள் ஒன்றோடொன்று மோத, பந்து கீழே விழும் அந்த ஒரு படமே நாளிதழ்களில் முதற்பக்கத்துக்குப் போயிற்று.

ஃபோர்டுக்கு வேறு மூன்று தடைகளும் உண்டு. அவருக்குப் பிரெஞ்சு வராது. கியூபெக்கில் விவாத மேடையேற முடியாதவர் பிரதமர் வேட்பாளர் ஆவது இன்றைக்கு நடவாத காரியம். இரண்டாவதாக, ஒன்ராறியோ மாகாணக் கட்சி வேறு, மத்தியக் கன்சர்வேட்டிவ் கட்சி வேறு. மாகாணத்தில் அவருக்காக உழைத்தவர்களின் உறுப்பினர் அட்டை ஒட்டாவாத் தலைவரைத் தேர்ந்தெடுக்க உதவாது. மூன்றாவது தடை மனக்கசப்பு. தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே ஃபோர்டின் பிரசார மேலாளர் பொலியேவின் பிரசாரத்தைக் கடுமையாக விமர்சித்தார். அதற்குப் பதிலடியாக, வாக்கெண்ணிய இரவிலேயே தொலைக்காட்சியில் ஜமீல் ஜிவானி என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. ஃபோர்டை வறுத்தெடுத்தார். உறுப்பினர்கள் இதையெல்லாம் எளிதில் மறப்பவர்கள் அல்லர். கியூபெக்கை ஒன்பது ஆண்டு ஆண்டவரும், இரு மொழியிலும் சரளமாகப் பேசுபவருமான ஜான் ஷாரே 2022 தலைமைப் போட்டியில் நின்றபோது அவருக்குக் கிடைத்தது 16 விழுக்காடு.

கேள்வி: தலைவரை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? புள்ளி, சுற்று என்கிறார்கள், ஒன்றுமே புரியவில்லை. (அயாக்ஸ் வாசகி)

பதில்: இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், இதற்கான பதிலைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற ஊகங்கள் பாதி தேவைப்படாது.

விருப்பு வாக்கு நமக்குப் புதிதல்ல. உறுப்பினர் தம் சீட்டில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். எவருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் உள்ளவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். புதிது என்னவென்றால், நாடு முழுவதும் விழுந்த வாக்குகளை ஒரே குவியலாகப் போட்டு எண்ணுவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி. அந்தத் தொகுதியில் விழுந்த வாக்கில் 40 விழுக்காடு ஒருவருக்கென்றால் அவருக்கு 40 புள்ளி. அல்பேர்ட்டாத் தொகுதி ஒன்றில் இரண்டாயிரம் பேர் வாக்களித்தாலும் 100தான். 2020 வரையில், கியூபெக்கின் மூலையில் அறுபது பேர் மட்டும் வாக்களித்தாலும் அதே 100. 2003இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சியும் மேற்கில் வலுவான கனடியக் கூட்டணிக் கட்சியும் இணைந்தபோது, மேற்கின் பெரிய உறுப்பினர் படை மற்றவர்களை விழுங்கிவிடக் கூடாது என்று முன்னதின் தலைவர் பீட்டர் மக்கே பிடிவாதமாகப் பெற்ற பாதுகாப்பு இது. பின்னர் கட்சி விதியைத் திருத்தியது: 100 வாக்குக்குக் குறைவாக விழும் தொகுதியில் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளி மட்டுமே.

இந்தக் கணக்கு என்னென்ன செய்யும் என்பதற்கு 2020 ஆகஸ்டில் நடந்த தலைமைத் தேர்தல் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவது சுற்றில் லெஸ்லின் லூயிஸ் அறுபதாயிரத்துக்கும் மேல் வாக்கு பெற்றார். ஓ'டூலுக்கும் மக்கேயுக்கும் அதைவிடக் குறைவு. தலைகளை எண்ணியிருந்தால் அவர் முதலிடம். புள்ளிகளை எண்ணியபோது மூன்றாமிடம், ஆகவே வெளியேற்றம். அந்த இரவு வேறொரு கூத்தும் நடந்தது. உறைகளைத் திறக்கும் இயந்திரம் ஆயிரக்கணக்கான வாக்குச்சீட்டுகளைச் சேதப்படுத்தியதால், தொண்டர்கள் அவற்றைப் புதுச் சீட்டுகளில் கையால் படியெடுக்க வேண்டியதாயிற்று. ஓ'டூல் வென்ற செய்தி நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின்னரே வந்தது.

2017 தலைமைத் தேர்தலையும் சொல்லியாக வேண்டும். அப்போது சீட்டில் 14 பெயர்கள். அதில் ஒன்று தொலைக்காட்சிப் புகழ் கெவின் ஓ'லியரி. போட்டியிலிருந்து விலகிய பிறகும் பெயர் அச்சில் இருந்துவிட்டது. மக்சிம் பெர்னியே முதல் 12 சுற்றிலும் முன்னிலையில் இருந்தார். 13ஆவது, அதாவது கடைசிச் சுற்றில், 50.95க்கு 49.05 என்ற அளவில் ஆண்ட்ரூ ஷீர் அவரைத் தாண்டினார். பால் உற்பத்திக்குக் கட்டுப்பாடும் விலைப் பாதுகாப்பும் தரும் முறையை ஒழிப்பேன் என்று பெர்னியே சொன்னதால், கியூபெக்கின் பால்பண்ணைக்காரர்கள் உறுப்பினர் அட்டை வாங்கி அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். பெர்னியே தம் சொந்தத் தொகுதியான போஸிலேயே ஷீரிடம் தோற்றார். சில நாள் கழித்து ஒட்டாவாப் பத்திரிகையாளர் விருந்தில் ஷீர் மேடையேறி, எல்லோரும் பார்க்கப் பால் பெட்டியைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். பெர்னியே மறு ஆண்டு கட்சியை விட்டுப் போய் மக்கள் கட்சியைத் தொடங்கினார்.

கேள்வி: நம்மைப் போன்ற குடியேறிய சமூகத்தவர் ஒருவரோ ஒரு பெண்ணோ அந்த இடத்துக்கு வர முடியுமா? நீங்கள் யார் மேல் பந்தயம் கட்டுவீர்கள்? (மொன்றியல் வாசகர்)

பதில்: ஜமேக்காவில் பிறந்த லூயிஸ் 2020இல் எவ்வளவு தூரம் வந்தார் என்பதை மேலே பார்த்தோம், அப்போது அவர் எம்.பி.கூட அல்லர். 2022இல் அவருக்கு 9.69 விழுக்காடு கிடைத்தது. துணைத் தலைவர் மெலிசா லான்ட்ஸ்மன், மேலே சொன்ன ஜிவானி ஆகியோரின் பெயர்களும் அடிபடுகின்றன. முடியுமா என்றால் முடியும். ஆனால் லான்ட்ஸ்மனும் ஜிவானியும் பொலியேவின் அணியோடு சேர்த்தே பார்க்கப்படுகிறவர்கள். அவர் விழும் நாளில் அவருடைய பாதையைத் தொடர்பவரை உறுப்பினர்கள் தேடுவார்களா, அதிலிருந்து விலகுபவரையா என்பதில்தான் இவர்களின் எதிர்காலம் இருக்கிறது. பிரையன் மல்ரோனியின் மகளும் ஒன்ராறியோ அமைச்சருமான கரோலைன் மல்ரோனியைச் சிலர் சொல்கிறார்கள். இருமொழி வரும், குடும்பப் பெயரும் உண்டு. குடும்பப் பெயருக்கு மயங்கும் கட்சியாக இது இப்போது எனக்குத் தோன்றவில்லை.

பந்தயம் கட்டுவதானால் பணம் என் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். 1976 தலைமைத் தேர்தலில் ஜோ கிளார்க் முதல் சுற்றில் 277 வாக்குகளுடன் மூன்றாமிடத்தில் இருந்தார். கடைசிச் சுற்றில் 65 வாக்கில் வென்றார். 'ஜோவா, யாரது?' என்று நாளிதழ் கேட்ட மனிதர் மூன்றே ஆண்டில் பிரதமர். 2017இல் பெர்னியே, 2020இல் மக்கே என்று முன்னணியில் வைக்கப்பட்டவர்கள் இறுதியில் தோற்றார்கள். 2022இல்தான் எதிர்பார்த்தவரே, அதாவது பொலியேவே, முதல் சுற்றில், 68 விழுக்காட்டுடன் வந்தார். அதற்குக் காரணம் புகழ் மட்டுமல்ல. வாக்களிக்கும் தகுதி பெற்ற உறுப்பினர்கள் சுமார் 6 இலட்சத்து 78 ஆயிரம் பேர், அவர்களில் ஏறக்குறைய 3 இலட்சத்து 12 ஆயிரம் பேரைத் தாங்களே சேர்த்ததாக அவருடைய அணி சொன்னது.

அதனால்தான், யாருடைய பெயர் செய்தியில் வருகிறது என்பதைவிட, யார் ஊர் ஊராகப் போய்த் தொகுதிச் சங்கங்களின் விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் கவனிக்கிறேன். 2022இல் வேட்பாளராவதற்கே 2 இலட்சம் டாலர் கட்டணமும் 1 இலட்சம் டாலர் வைப்புத்தொகையும் கட்ட வேண்டியிருந்தது. நிறுவனங்களிடம் வாங்க முடியாது. தனிநபர் ஒருவரிடம் 2025இல் வாங்க முடிந்தது 1,750 டாலர்தான். அவ்வளவு பேரைத் தெரிந்து வைத்திருக்காதவர் போட்டிக்கே வர முடியாது.

கேள்வி: எனக்கு நிரந்தர வதிவிடம் மட்டுமே உண்டு, குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. மகனுக்கு வயது 16. தலைவர் தேர்தல் வந்தால் நாங்கள் வாக்களிக்கலாமா? (எட்மன்டன் வாசகி)

பதில்: இருவருமே வாக்களிக்கலாம். பொதுத்தேர்தலில் உங்களுக்கு இல்லாத உரிமை இங்கே உண்டு: 14 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் இந்தக் கட்சியில் உறுப்பினராகலாம். ஆனால் சொந்தப் பணத்தில், சொந்தப் பெயரில் சேர வேண்டும். யாராவது உங்களுக்காகக் கட்டணம் செலுத்தித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது விதிமீறல். கடைசித் தேதியையும் கவனியுங்கள். 2022இல் முடிவு வந்தது செப்டம்பர் 10 என்றாலும், உறுப்பினராகச் சேருவதற்கான நாள் ஜூன் 3இலேயே முடிந்துவிட்டது. வாக்குச்சீட்டு தபாலில் வரும். அதை ஓர் உறையிலும், கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவத்தை அடையாள அட்டையின் நகலோடு தனியாகவும் வைத்து அனுப்ப வேண்டும். மகனுடைய சீட்டுக்கு அவருடைய அட்டையின் நகல். உங்களுடையது உங்கள் சீட்டோடு.